துமாரின் மூச்சு

முன்னாள் புருஷன் மெலிஸ் செத்தபோதுகூட எட்டிப் பார்க்காத அனார்குல், அவனைப் பற்றிய படத்தைப் பார்க்க மட்டும் ஏன் போனாள் என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. படத்தை எடுத்த சைகல் நாலு தடவை போன் செய்தாள். ஐந்தாவது தடவை வீட்டுக்கே வந்து, அக்கா என்கிற மாதிரி 'எஜே' என்று அழைத்தாள்.

"எஜே, நீங்களும் வரலைன்னா சொந்தம்னு சொல்லிக்க அந்த ஹால்ல ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க."

"முப்பது வருஷமா நான் அவனுக்குச் சொந்தம் இல்லம்மா."

"சரி, சும்மா டீ குடிக்க வாங்க."

சனிக்கிழமை மதியம் அவள் போனாள். பிஷ்கேக்கின் பழைய தையல் தொழிற்சாலை அது. மிஷின்களை விற்றபின் காலியாகக் கிடந்த இடத்தில் இப்போது பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள், ஓவியம் மாட்டுகிறார்கள். அறுபது நாற்காலிகளும் நிறைந்திருந்தன. இருபத்தேழு வருஷம் டிராலி பஸ் ஓட்டியவள், நகரத்தில் எல்லா மூஞ்சியையும் பார்த்தவள். இங்கே ஒரு மூஞ்சியும் தெரியவில்லை. மூன்றாவது வரிசை ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

திரையில் மெலிஸ் வந்தான். கிழவனாகிவிட்டிருந்தான். மூணு நரம்பு வாத்தியமான கோமுஸில் தந்திக் கம்பியைக் கட்டி வாசித்தான். வெந்நீர்க் குழாய்களைக் கரண்டியால் தட்டி, அதன்மேல் காதை வைத்துக் கேட்டான். இந்தக் கூத்துக்காகத்தான் அந்தக் காலத்தில் இசைக் கல்லூரியிலிருந்து அவனைத் துரத்தினார்கள். இப்போது பின் வரிசையில் யாரோ, "எங்க வீட்டுக் குழாயும் ஜனவரியில இப்படித்தான் கத்துது, அத யாரும் படம் எடுக்க மாட்டேங்கறாங்க" என்றான். ஹாலே சிரித்தது. அனார்குலுக்கும் சிரிப்பு வந்தது. மனசு கொஞ்சம் இளகியது.

அப்புறம் சைகலின் குரல் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டது: "இதுல வர்ற வாத்தியம் எது, மெலிஸ் அண்ணா?"

மெலிஸ் கேமராவைப் பார்க்கவில்லை. "பழைய துருத்தி" என்றான்.

ஹாலில் மிச்சமிருந்த விளக்கும் அணைந்து, திரையும் கறுப்பாகி, ஓசை மட்டும் வந்தது. உள்ளே இழுக்கிற காற்று. நடுவில் ஒரு தடங்கல். பிறகு துண்டு துண்டாக மூன்று ஊதல். மறுபடியும் இழுப்பு. பக்கத்திலிருந்த பெண் கண்ணை மூடிக்கொண்டு தலையை மெல்ல ஆட்டினாள்.

அனார்குலின் கைப்பை தரையில் விழுந்தது.

அந்த மூன்று ஊதலை அவள் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பாள். துமார் அப்படித்தான் மூச்சு விடுவாள். ஏழு வயது மகள், இழுப்புக்காரி. தொண்ணூற்று நாலாம் வருஷத்துக் குளிர்காலம், கரண்ட் இல்லை, அடுப்புக்கு நிலக்கரி இல்லை. கடைசி ராத்திரி அனார்குல் தூங்கிப்போனாள். விடிகாலை நாலு மணிக்கு ஷிப்டுக்கு எழுந்து தொட்டபோது பிள்ளை சில்லிட்டிருந்தாள். மூலையில் மெலிஸ், மடியில் பேட்டரி போட்ட அந்தப் பாழாய்ப்போன டேப் ரெக்கார்டர். "பிள்ள செத்துக்கிட்டு இருந்தா, நீ மிஷின நோண்டிக்கிட்டு இருந்தியா!" என்று அன்று கத்தினாள். அவன் பதில் பேசவில்லை. நாற்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"நிறுத்து!"

கத்தியது தான்தான் என்று அவளுக்கு உறைக்கவே ஒரு கணம் ஆனது. எழுந்து நாற்காலிகளை இடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். "நிறுத்துடி அத! அது என் பொண்ணு! என் பொண்ணோட மூச்சு!"

ஓசை நின்றது. விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் சைகல் வெளிறிப்போய் நின்றாள்.

"எஜே, சத்தியமா எனக்குத் தெரியாது. துருத்தின்னுதான் சொன்னாரு."

"முழுசும் எங்க?"

"எது?"

"கேசட்டு! அவன் முழுசும் பதிஞ்சிருப்பான். சாகறது வரைக்கும் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தானா? முழிச்சுக்கிட்டு இருந்தானா? எனக்கு அது தெரியணும்!"

சைகல் கூட்டத்தைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க, இன்னிக்குப் படம் இவ்வளவுதான்" என்றாள். எல்லாரும் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, அனார்குலின் பக்கம் பார்க்காமல் வெளியேறினார்கள்.

மெலிஸின் கேசட்டுகளை எல்லாம் சைகல் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாள். தேடிய கேசட்டின் மேல் 'துருத்தி' என்று மட்டும் எழுதியிருந்ததாம். படத்தில் வந்த துண்டைத் தவிர அவள் வேறெதையும் கேட்டதில்லை. ஹெட்போனை அனார்குலின் காதில் மாட்டி, முதலிலிருந்து ஓடவிட்டாள்.

முதலில் ஒரு கிளிக். பிறகு மெலிஸ், இளம் குரலில், ரகசியமாக: "பிப்ரவரி ஒம்பது. டாக்டர், பகல்ல கூட்டிட்டு வந்தா பிள்ள நல்லாத்தான் இருக்குன்னு மூணு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க. ராத்திரி எம் பொண்ணு எப்படி மூச்சு விடுதுன்னு நீங்களே கேளுங்க."

பிப்ரவரி ஒம்பது. அதுதான் அந்தக் கடைசி ராத்திரி.

இழுப்பு. தடங்கல். மூன்று ஊதல். நடுவில் துமார், "அம்மா, தண்ணி" என்றாள். அப்புறம் அனார்குலுடைய குரல், தூக்கத்தில் கனத்து, எரிச்சலாக: "சும்மா படுடி, விடிஞ்சா வேலைக்குப் போகணும்." உடனே மெலிஸ்: "நீ தூங்கு அனார். நான் பாத்துக்கறேன்." தண்ணீர் ஊற்றும் சத்தம். பிள்ளை குடிக்கும் சத்தம்.

அவன் அப்படிச் சொன்னது அவள் நினைவில் துளிகூட இல்லை.

மறுபடி மூச்சு. வெகுநேரம் மூச்சு மட்டும். பிறகு இன்னொரு சத்தம் அதோடு சேர்ந்துகொண்டது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மெலிஸின் குறட்டை. மூணு ராத்திரி கண் விழித்தவன், பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன், உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். "அப்பா" என்று துமார் ஒருதரம் கூப்பிட்டாள். குறட்டை நிற்கவில்லை. "அம்மா" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. மூச்சு தொடர்ந்தது. நாற்பத்தைந்து நிமிஷம் முடிந்து கேசட் தானாக நின்றபோதும் பிள்ளைக்கு உயிர் இருந்தது.

அனார்குல் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"ஏன் சொல்லல?" என்றாள். "அவ்வளவு கத்தினேனே. டாக்டருக்குத்தான் பதிஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சைகல் தயங்கிச் சொன்னாள்: "தூங்கிட்டேன்னு சொல்ல வாய் வந்திருக்காது எஜே."

"நானுந்தான் தூங்கினேன்! நானுந்தான்டி தூங்கினேன்!" அவள் சைகலின் ஸ்வெட்டரைப் பிடித்து உலுக்கினாள். "இத நான் யார்கிட்ட போய்ச் சொல்றது இப்ப? அவன் எங்க இருக்கான்? கூப்பிட்டு விட்டானே, சாகறதுக்கு முன்னாடி கூப்பிட்டு விட்டானே, போகலியே நான்!"

சைகல் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கிழவி அவள் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் சைகல் மெல்லச் சொன்னாள்: "இந்த இடத்தைப் படத்திலேர்ந்து எடுத்துடறேன். யாரும் கேக்க வேணாம்."

"எடுத்துடு. இது பாட்டு இல்ல."

"சரி எஜே."

"ஆனா கேசட்ட அழிச்சிடாத."

"மாட்டேன். வாங்க, வீட்ல கொண்டுபோய் விடறேன்."

அனார்குல் அசையவில்லை. நழுவிய ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அவ தண்ணி கேக்கற இடத்த மறுபடி போடு" என்றாள்.