கடலிலிருந்து வந்த காலடி

பதினோரு வருஷமாக அந்தக் கடற்கரைக்கு மேலேயே குடியிருந்தும் நான் அங்கே கால் வைத்ததில்லை. லியெபாயா நகரச் சந்தையில் வளர்ந்தவன், இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எழுபதடி மண்மேட்டின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. கரை எல்லைப் படைக்குச் சொந்தம். தினமும் இருட்டுவதற்கு முன் டிராக்டருக்குப் பின்னால் ஓர் இரும்புச் சீப்பைக் கட்டி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் தலைமாதிரி மணலைப் படிய வாரிவிட்டுப் போவார்கள். காலையில் அதில் ஒரு காகத்தின் கால் பட்டிருந்தால் அது யாருடைய காகம் என்று விசாரணை நடக்கும். எதிர்க்கரை சுவீடன். அங்கே போக எங்களில் யாருக்கும் ஆசை கிடையாது என்று கூட்டத்தில் எல்லோரும் கைதூக்கிச் சொல்லியிருந்தோம்.

அந்த ஏப்ரல் காலையில் எல்லைப் படை லெப்டினன்ட் புர்லக்கோவ் என் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் மீன் கூட்டுறவில் எடை போடுகிறவன். சந்தையில் கற்ற ரஷ்யமொழி தாராளமாக வரும் என்பதால், ஊருக்கும் அவருக்கும் நடுவில் நான்தான் வாய்.

"ஆல்டிஸ், பூட்ஸ மாட்டிக்கிட்டு வாங்க. கீழ போகணும்."

"கீழன்னா?"

"கடற்கரைக்கு."

"எனக்கு அனுமதி இல்லையே, தோழர்."

"நான்தானே கூப்பிடறேன்."

"அதான் பயமா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. தெற்கே புல்வெளிச் சீமையில் பிறந்தவர். அங்கே நிலம் வைத்த இடத்தில் இருக்கும். எங்கள் மேடு அப்படியில்லை. ஒவ்வொரு புயலுக்கும் ஒரு துண்டு கடலுக்குப் போகும். முந்தின மாலை, டிராக்டர் போன கொஞ்ச நேரத்தில், ஒரு பெரிய துண்டு சரிந்திருந்தது. நாங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு சூப்பைக் குடித்து முடித்தோம். புர்லக்கோவ் தூங்கவேயில்லை போலிருந்தது.

ஓடை இறங்கும் பள்ளத்தின் வழியாகக் கீழே போனோம். அழகான இடம்தான், யாரும் வராத இடத்துக்கு இருக்கிற அழகு. சரிந்த மண்ணோடு இரண்டு பைன் மரங்களும் இறங்கிவந்து, ஒன்றும் நடக்காததுபோலக் கரையில் நிமிர்ந்து நின்றன. சரிவின் அடியில் நீலக் களிமண் பிதுங்கிக் கிடந்தது. அங்கிருந்து தண்ணீர் வரைக்கும் வாரிய மணலில் ஒரே ஒரு வரிசைக் காலடி.

"கடல்லேருந்து வந்திருக்கான்," என்றார் புர்லக்கோவ். "தடம் ஆழமா இருக்கு பாருங்க. கையில கனமா ஏதோ. ரேடியோவா இருக்கலாம். மேட்டுக்கு வந்திருக்கான், மேடு அவன் மேல விழுந்திருக்கு. இல்ல, அவனே விழ வச்சிருக்கான்."

"மேட்டையா?"

"சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை. சந்தையில் பேரம் பேச வருகிறவனின் காலைத்தான் நாங்கள் பார்ப்போம். வாய் வேண்டாம் என்று சொல்லும்போது கால் நகராமல் நிற்கும். அந்தப் பழக்கத்தில் தடத்தைப் பார்த்தேன். முன்பாதம் ஆழமாகவும் குதிகால் மேலாகவும் இருந்தது. அடிகளுக்கு நடுவில் இடைவெளி குறைவு. கோடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. இவன் கடலிலிருந்து வரவில்லை. மேட்டிலிருந்து பின்பக்கமாகவே நடந்து கடலுக்குப் போயிருக்கிறான். அதைவிட மோசம்: இடது குதிகாலில் பிறை வடிவத்தில் ஓர் ஒட்டு. சைக்கிள் டியூபை வெட்டி அந்த ஒட்டைப் போட்டவன் நான். பூட்ஸ் என் மச்சினன் இல்கோனிஸுடையது.

இல்கோனிஸ் பிறவி மீனவன். ஆனால் இரண்டு வருஷமாகக் கொட்டகையில் உட்கார்ந்து பிறர் பிடித்த மீனின் குடலை எடுத்துக்கொண்டிருந்தான். சித்தப்பா ஒருவர் சுவீடனில் இருக்கிறார் என்று கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டைப் பிடுங்கிவிட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்டு, ஒருவழியாக அந்த வாரம்தான் அது புர்லக்கோவின் கையெழுத்துக்கு வந்து காத்திருந்தது. கையெழுத்து விழுந்தால் அவனுக்குக் கடல். இந்தத் தடம் அவனுடையது என்று தெரிந்தால் கடலைப் படத்தில் பார்க்க வேண்டியதுதான், அதுவும் சைபீரியாவில்.

எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம். கனமான சுமையோடு கடலுக்குள் போனவன் திரும்பி வந்தானா?

"என்ன தோணுது?" என்றார் புர்லக்கோவ், என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"ஆள் பெரிய ஆள்தான், தோழர்."

"மதியம் ஊர்ல இருக்கிற ஆம்பளைங்க எல்லாரும் இங்க வந்து நடக்கணும். அவங்கவங்க பூட்ஸோட. வீட்டையும் சோதனை போடுவோம். எங்கயாவது ஒளிச்சு வச்ச பூட்ஸ் கிடைச்சுதுன்னா..."

நான் வீட்டுக்கு நடந்தேன். ஓடினால் சந்தேகம் வரும். மெதுவாக நடந்தாலும் வரும்.

என் மனைவி ஜென்டா வாசலில் நின்றாள். "தம்பி காலைல சாப்பிட வரல. நீங்க என்னத்த மறைக்கிறீங்க?"

"நான் இன்னும் வாயே தொறக்கல."

"அதான் கேக்கறேன்."

அவன் நீராவிக் குளியல் அறையில் இருந்தான். பலகையில் நீட்டிப் படுத்து, குறட்டை. பூட்ஸ் அடுப்பருகே காய்ந்துகொண்டிருந்தது. நான் அவன் காதைப் பிடித்துத் தூக்கினேன்.

"எந்தச் சுவீடனுக்குடா கிளம்பின?"

"அய்யோ, விடுங்க அத்தான்! சுவீடனுமில்ல, ஒண்ணுமில்ல. பால் கேன் விழுந்துடுச்சு."

"என்ன பால் கேன்?"

இரண்டு வருஷத்துக்கு முன், முதல் மனு போட்ட அன்றைக்கே, அவன் ஒரு பால் கேன் நிறையச் சாராயம் காய்ச்சி மேட்டில் புதைத்திருக்கிறான். சீட்டு வருகிற நாளில் ஊருக்கே ஊற்ற. அப்போது விளிம்பு தூரத்தில் இருந்தது. மேடு கொஞ்சம் கொஞ்சமாகக் கேனைத் தேடி வந்திருக்கிறது. முந்தின மாலை கேனும் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே போயிற்று. கேனில் ஜென்டாவின் பால் பண்ணை எண் சிவப்புப் பெயின்டில் இருந்தது. ரோந்துக்காரன் பார்ப்பதற்குள் எடுக்க வேண்டும் என்று சரிவோடு சறுக்கி இறங்கி, கேனைக் கட்டிப்பிடித்தபடி கடல்வரை போய், தண்ணீருக்குள்ளேயே நடந்து கேனோடு படகுத்துறையில் ஏறிவிட்டான்.

"அக்கா நம்பர் போட்ட கேனா?" என்று கத்தினாள் பின்னாலேயே வந்து நின்ற ஜென்டா. "உன்ன நான் சீட்டு வர்றதுக்குள்ள கொன்னுடறேன்!"

"அதுசரி, ஏன்டா பின்னால நடந்த?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையில் என் பதினோரு வருஷமும் ஒன்றுமில்லாமல் போயிற்று. "நீங்க சந்தைக்காரர், உங்களுக்கு எங்க தெரியும். இங்க பொறந்த குழந்தைகூடத் தடம் விடறதுன்னா அப்படித்தான் நடக்கும். வந்தவன் அவங்க தலைவலி, அத்தான். போனவன் நம்ம தலைவலி."

பூட்ஸை அடுப்பில் போடலாம் என்றாள் ஜென்டா. ரப்பர் எரிந்தால் மாவட்டத் தலைநகர் வரைக்கும் நாறும். புதைக்கலாம் என்றான் அவன். "புதைச்சு வச்சதோட லட்சணத்தைத்தான் பாத்தோமே," என்றேன். கடைசியில் என் பூட்ஸை அவன் மாட்டிக்கொண்டான். அவனுடையதை நான் மாட்டிக்கொண்டேன். கூட்டுறவுக் கடைக்கு வருவது ஒரே ரகம். பிறையையும் அளவையும் தவிர வித்தியாசம் கிடையாது. நடக்கச் சொல்லப்போவது ஊரை. மொழிபெயர்க்கிறவனை யார் நடக்கச் சொல்லப்போகிறார்கள்? என் கால் அவன் காலைவிடப் பெரிது. விரல்களை மடக்கி உள்ளே திணித்தேன்.

மதியம் ஊர் ஆண்கள் கீழே வரிசையாக நின்றார்கள். பாதிப்பேருக்கு அந்தக் கரைக்கு அதுதான் முதல் பயணம். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். நான் மணலில் இறங்காமல் சரிந்த களிமண்ணின் மேலேயே நின்றுகொண்டேன். அங்கே தடம் தங்காது. நான் மறந்தது, ஆளும் மெல்ல மெல்ல உள்ளே போவான் என்பதை.

ஒவ்வொருவராக நடந்தார்கள். புர்லக்கோவ் குனிந்து குனிந்து பார்த்தார். இல்கோனிஸ் என் பூட்ஸில் வாத்துமாதிரி நடந்தான்.

"ஏன் இப்படி நடக்கறான்?"

"ரெண்டு வருஷமா உக்காந்தே வேலை, தோழர்," என்றேன் மேலிருந்து.

பிறை கிடைக்கவில்லை. புர்லக்கோவ் வரிசையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் அங்கயே நிக்கறீங்க? கீழ வாங்க."

"இங்கேருந்து எல்லாரையும் நல்லாப் பாக்க முடியுது."

"வாங்கன்னு சொன்னேன்."

வரலாம் என்று காலைத் தூக்கினேன். வரவில்லை. களிமண் முழங்கால்வரை பிடித்திருந்தது. இரண்டு சிப்பாய்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் வந்தேன், பூட்ஸ் வரவில்லை. அது இருந்த குழி மெதுவாக வாயை மூடிக்கொண்டது. ஊர் முழுக்கச் சிரித்தது. நான் வெறும் காலுறையோடு புர்லக்கோவின் முன்னால் நின்றேன். அவர் மூடிய களிமண்ணைப் பார்த்தார், என் காலுறையைப் பார்த்தார், இல்கோனிஸின் காலையும் பார்த்தார். எவ்வளவு பார்த்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் வாயைத் திறப்பதற்குள் எதையாவது விற்றே ஆகவேண்டும். வாங்குகிறவர் வாயாலேயே விலையைச் சொல்லவைக்க வேண்டும்.

"ஒரு சந்தேகம், தோழர்," என்றேன். "இந்தத் தடத்துக்காரன் நீந்தியா வந்திருப்பான், இந்தக் குளிர்ல?"

"படகுலதான் வந்திருப்பான்."

"யார் படகு?"

அவர் யோசித்தார். முந்தின இரவு கடலில் இருந்தவை எங்கள் கூட்டுறவுப் படகுகள்தான். குரலைத் தாழ்த்தினார். "உங்க ஆளுங்களே கொண்டுவந்து விட்டிருக்கலாம்."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"அப்போ சீட்டு வச்சிருக்கிற ஒவ்வொருத்தனும் சந்தேகத்துக்குரியவன்." வரிசையை முறைத்தார். "அவங்களையே தேட அனுப்ப முடியாது. கடல்ல படகோ, கயிறோ, ஏதாவது மிதக்குதான்னு பாக்கணும். கடல் தெரிஞ்சவனா இருக்கணும், நேத்து ராத்திரி கடல்லயும் இருந்திருக்கக் கூடாது. அப்படி யாரு இருக்கா?"

நான் தலையைச் சொறிந்தேன். ஊர் பூராவும் தலையைச் சொறிந்தது. இல்கோனிஸ் மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளையாகக் கடலைப் பார்த்தான்.

"அவன்," என்றார் புர்லக்கோவ். "அந்த வாத்து."

"அவனா? அவனுக்குச் சீட்டே இல்லையே தோழர். சித்தப்பா வேற..."

"எனக்குத் தெரியும்." மேலே ஏறிப் போய், அவன் சீட்டைத் தன் காரின் முன்பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கூடவே துப்பாக்கியோடு ஒரு சிப்பாயைப் படகில் ஏற்றிவிட்டார்.

படகு சிறிதாகிக்கொண்டே போய் மறைந்தது. ஜென்டா மேட்டின் விளிம்புக்கு வந்து நின்றாள். நானும் ஏறிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்தச் சிப்பாய்க்கு நீந்தத் தெரியாது. காற்று மேற்குநோக்கி வாகாக அடித்தது. சித்தப்பாவின் ஊர் அந்தப் பக்கம்தான்.

"திரும்பி வருவானா?" என்றாள்.

"உன் தம்பி."

"அதான் கேக்கறேன்."

சற்றுத் தள்ளிப் புர்லக்கோவும் தொலைநோக்கியோடு நின்றார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் சாய்ந்தது. டிராக்டர் வந்து மணலை வாரிவிட்டுப் போயிற்று. அதற்கப்புறம் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி படகானது. ஜென்டா அழுதாள், பிறகு காற்றைத் திட்டினாள்.

சிப்பாய் கடல் ஒவ்வாமல் வெளிறிய முகத்தோடு துறையில் தவழ்ந்து ஏறினான். இல்கோனிஸ் இரண்டு பெட்டி மீனை இறக்கிவைத்தான். பன்னிரண்டு மணிநேரம் தூங்கி எழுந்தவன்போல அவன் முகம் இருந்தது.

"ஏதாவது கிடைச்சுதா?" என்றார் புர்லக்கோவ். நான் மொழிபெயர்த்தேன்.

"கடல் பெருசு, அத்தான். பாதிகூடப் பாக்கல. நாளைக்கும் போய்ப் பாக்கணும்னு சொல்லுங்க."

சொன்னேன். புர்லக்கோவ் மீனைப் பார்த்தார். ஒரு பெட்டியைத் தன் முகாம் சமையலறைக்கு எடுத்துப்போகச் சிப்பாய்க்குக் கண்ணைக் காட்டினார்.

"தேடுங்க," என்றார். "தேடறத நிறுத்தினா, அவன் தப்பிச்சுட்டான்னு நான் எழுதிக் குடுக்கணும்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவரும், அவருக்கும் பின் வந்தவரும் எழுதிக் கொடுக்கவில்லை. எல்லைப் படை ஊரைவிட்டுப் போகும் வரைக்கும் என் மச்சினன் தினமும் விடியலில் அந்த வேவுகாரனைத் தேடிக் கடலுக்குப் போனான், பெட்டி நிறைய மீனோடு வெறுங்கையாகத் திரும்பினான்.