பேர் கூப்பிடும் மெட்டு

படவசன ரெக்கார்டின் இரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் எழுந்துபோய் ஊசியைத் தூக்கிவிட்டார். இடது கையால்தான். வலது கை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. தர்பாரில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்த ராஜா பாதியில் வாயடைத்துப் போனார். "போதும்" என்றார் இவர். அந்த வருஷம் அவர் வாயில் மிச்சமிருந்த ஒரே வார்த்தை அது. சோறு போடுவதற்கு முன்பே போதும் என்பார், போட்ட பிறகு தட்டை நீட்டியும் போதும் என்பார். எது நிஜமாகவே போதும், எது இன்னும் வேண்டும் என்று நான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் சந்தேகமே இல்லை. நான்கு மாதமாக அதே ரெக்கார்டைப் போட்டு மனிதரின் உயிரை வாங்கியிருக்கிறேன்.

எண்பத்தோராம் வருஷம் பொங்கல் முடிந்த மறுவாரம் அவருக்கு வாதம் வந்தது. வயது நாற்பத்துநான்கு. கோலா கெத்தில் பக்கம் எங்கள் தோட்டத்தில் அவர் மண்டோர். ஐம்பத்திரண்டு பால்மரத் தொழிலாளிகள் அவருக்குக் கீழே. விடியுமுன் எல்லோரும் ஆபீசுக்கு முன்னால் வாளியோடு வரிசையில் நிற்பார்கள், மண்டோர் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அதற்குப் பெரட்டு என்று பெயர். கூப்பிட்ட பேருக்கு 'வந்தேன்' என்று பதில் வந்தால்தான் கணக்கெழுதும் கிராணி தன் புத்தகத்தில் கோடு போடுவார். கோடு விழுந்தால்தான் அன்றைக்கு வேலை. இவர் புத்தகத்தைப் பார்க்கவே மாட்டார். ஐம்பத்திரண்டு பேரையும் வரிசை மாறாமல் கூப்பிடுவார். அந்தக் குரலுக்கு, நாங்கள் குடியிருக்கும் லயத்து நாய்கள்கூட எழுந்து நிற்கும் என்று நானே கேலி செய்திருக்கிறேன். நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். மண்டோர் பெண்டாட்டி என்று எனக்கு ஒரு மரம்கூடக் குறைத்துக் கொடுத்ததில்லை அந்த மனுஷன்.

சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தோம். கால் திரும்பியது, கை பாதி திரும்பியது, பேச்சு வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, ஆனால் சொல்ல நினைக்கும் வார்த்தை அகப்படவில்லை, வந்தாலும் வரும் வராமலும் போகும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வீடு திரும்பிய நான்காம் நாள் கிராணி மோரிஸ் வந்தார். நல்ல பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அக்கா, தொரை வருசம் முடியிற வரைக்கும் சின்னையாவ பாத்துக்கச் சொல்லியிருக்காரு. அதுக்கு மேல சூசா லா, கஷ்டம். பேர் கூப்பிட முடியாத மண்டோர வச்சி என்னா செய்யிறது?"

அதற்கு மேல் என்றால் மண்டோர் வீடு, இவருக்குப் பதிலாகப் பேர் கூப்பிடும் சின்னையாவுக்குப் போகும், இவருக்குப் புல்வெட்டு வேலை கொடுப்பார்கள். வீடு போனால் போகட்டும். லயத்தில் பிறந்தவளுக்கு லயத்து வீடு புதிதில்லை. ஆனால் இருபது வருஷம் எல்லோரையும் கூப்பிட்டவர், நாளைக்கு வரிசையில் நின்றுகொண்டு, சின்னையா கூப்பிடும் தன் பேருக்கு 'போதும்' என்று பதில் சொல்வதை என்னால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை. டிசம்பருக்குள் இந்த வாயைத் திறந்துகாட்டுவேன் என்று கறுவிக்கொண்டேன்.

வீட்டில் மூன்று ரெக்கார்டுகள் இருந்தன. போனஸ் வரும்போதெல்லாம் அவர் சுங்கை பட்டாணிக்குப் போய் ஒவ்வொன்றாக வாங்கிவந்து, பழைய வேட்டியில் சுற்றிவைத்தவை. ஒன்று நீல அட்டையில் மயில் போட்ட முருகன் பாட்டு. இன்னொன்று ஒரு காதல் படத்தின் பாட்டு. மூன்றாவது ராஜா கதையின் வசனம். பேச்சு போனவனுக்குப் பேச்சைத்தானே காதில் ஊற்ற வேண்டும்? எங்கள் தோட்டத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள். படவசனம் கேட்டுத்தான் இங்கே பாதிப் பிள்ளைகள் நல்ல தமிழ் பேசப் பழகின, மண்டோர் எம்மாத்திரம் என்றாள் பக்கத்து வீட்டு ராக்காயி. ஆறு மணிக்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் நான் ராஜாவைப் பேச விடுவேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஊசியைத் தூக்கிய அந்த மாலையில் அவரே முருகன் ரெக்கார்டைத் தேடி எடுத்துப் போட்டார். நான் கொல்லையில் கெம்போங் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். இரண்டு குரல் கேட்டது. ஒன்று ரெக்கார்டில் பாடுகிறவர் குரல், இன்னொன்று கரகரவென்று இருந்தது. மீன் கையோடு உள்ளே ஓடினேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் தப்பாமல், முழுப்பாட்டையும் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் காலடியில் உட்கார்ந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வாயைத் திறந்தார், தேடினார், முகம் சிவந்தது. "போதும்" என்றார். அன்றைக்கு எனக்கு முருகன்மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

கோபம் ஒருபக்கம் இருக்க, ஒரு கதவு திறந்திருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் இரண்டு பாட்டு ரெக்கார்டுகள், நான்கு பக்கங்கள். முருகன் பாட்டில் ஓரிடத்தில் கீறல் விழுந்து ஒரே அடி மூன்று தடவை குதிக்கும். இவரும் விடாமல் மூன்று தடவை குதிப்பார். லயத்தில் சிரித்தார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். செப்டம்பர் மாதம் ஒரு நாள், எங்களோடு பால்வெட்டும் செல்லாயி விறகுக்கட்டோடு வாசலைத் தாண்டிப் போனாள். இவர் அவளைப் பார்த்துக்கொண்டே பாடியவர், முருகா என்று வரவேண்டிய இடத்தில் 'செல்லாயி' என்று பாடினார். விறகு கீழே விழுந்தது. என்ன மண்டோரு என்னைச் சாமியாக்கிட்டீங்க என்று அவள் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. அதே அடியைத் திரும்பப் பிடித்து, அந்தப் பேரை மறுபடியும் அதற்குள் வைத்துப் பார்த்தார்.

பிறகு மூன்று மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை யாராவது பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்றிருப்பார்கள். நான் பேரைச் சொல்வேன், அவர் மெட்டைத் தேடுவார். ஒரு பேர் ஒட்டிக்கொள்ள சில சமயம் ஐந்து நாள் ஆகும். ராமையா, பிச்சை எல்லாம் முருகன் மெட்டில் சுளுவாக உட்கார்ந்தார்கள். ராக்காயி எதிலும் நிற்கவில்லை, கடைசியில் காதல் பாட்டில்தான் வந்தாள். கேள்விப்பட்ட அவள் புருஷன் அய்யாவு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதெல்லாம் விளையாட்டு. நிஜமாகவே உறுத்தியது பிச்சையின் பேர். போன வருஷம் இரண்டு நிமிஷம் பிந்தி வந்ததற்காக எல்லார் முன்னாலும் அவனை ஏசி வீட்டுக்கு அனுப்பியவர் இவர். அவன் பேரைப் பாடும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார். நான் விடமாட்டேன். நிமிர்ந்து பாடுங்க, அவன் சிரிச்சாலும் நிமிர்ந்தே பாடுங்க என்பேன்.

டிசம்பர் கடைசி வாரம் திங்கட்கிழமை, மோரிஸ் மூலம் தொரையிடம் கேட்டு வாங்கிய ஒரு பெரட்டு. தொரையின் கார் ஆபீசுக்குப் பக்கத்தில் நின்றது. சின்னையா இரண்டு அடி விலகி இடம்விட்டார். மோரிஸ் டார்ச் வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிரித்தார். இவர் காலை இழுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றார், இடது கையால் தொடையில் மெல்லத் தாளம் போட்டார், பாடினார். முதல் பேருக்குப் பின்வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. இரண்டாவதுக்குப் பத்துப் பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகியது. அவர் நிறுத்தவில்லை. செல்லாயி பேர் வந்ததும் கீறல் விழுந்த இடத்தில் மாட்டிக்கொண்டு மூன்று தடவை கூப்பிட்டார். அவளும் சளைக்காமல் மூன்று தடவை வந்தேன் என்றாள். கூட்டமே சிரித்தது, ஆனால் அது வேறு சிரிப்பு. அடுத்தது பிச்சை. அவர் நிமிர்ந்துதான் பாடினார். பிச்சை அவர் முகத்தை நேராகப் பார்த்தான். பிறகு "வந்தேன் மண்டோரே" என்றான். மன்னித்துவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். வேலைக்கு வந்தவன், வந்தேன் என்றான்.

ஐம்பத்தொரு கோடு விழுந்தது. மோரிஸ் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். இவர் என்னைப் பார்த்தார். தாளம் போட்ட கை நின்றுபோனது.

கடைசிப் பேர் என்னுடையது. மூன்று மாதமாக ஊர்ப்பேரையெல்லாம் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தன் பேரைச் சொல்லிக்கொடுக்கத் தோன்றவே இல்லை. அவருக்கும் தோன்றவில்லை. வீட்டில் நான் எப்போதும் 'இந்தா'தான். கல்யாணமான இருபது வருஷத்தில் பிரேமாவதி என்ற என் பேர் அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் இந்தப் பெரட்டில் மட்டும்தான். ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் மற்றவர்களைக் கூப்பிடும் அதே அதட்டலோடு. அந்த ஒரு தடவைக்காக நான் காய்ச்சலிலும் வேலைக்கு வந்திருக்கிறேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது.

அவர் உதடு அசைந்தது. எங்கே 'போதும்' என்று வந்துவிடுமோ என்று பயந்தேன். தொரை கார்க் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். மோரிஸ் என் பக்கம் சாய்ந்து, வாய்க்குள்ளேயே சொன்னார்.

"அக்கா, நீங்களே வந்தேன்னு சொல்லிருங்க. நான் கோடு போட்டுர்றேன்."

"கூப்பிடட்டும் தம்பி" என்றேன்.

கிழக்கே மரங்களுக்கு மேலே வெளுக்கத் தொடங்கியிருந்தது. வெயில் ஏறினால் பால் வடியாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் நகரவில்லை. பிச்சை தன் வாளியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கை மறுபடியும் தொடையைத் தட்டத் தொடங்கியது. வார்த்தை இல்லாமல் வெறும் மெட்டு மட்டும், பாட்டின் முதல் அடியிலிருந்து, மெல்ல வந்தது. நான் வாளியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, வரிசையின் கடைசியில், பதில் சொல்ல வாயைத் தயாராக வைத்தபடி நின்றேன்.