உருண்டைக் கந்தகம்

என் அண்ணன் உரக்கடை வைத்திருக்கிறான். இலையைப் பார்த்த மாத்திரத்தில் பயிருக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட அவனுக்கு நான்தான் கிடைத்தேன்.

என் புருஷன் போன பிறகு, தன் பெயரில் கிடந்த நிலத்தை என்னிடம் பயிரிடக் கொடுத்தான். ஒரே நிபந்தனைதான். கடுகு நன்றாக விளைந்தால் நிலம் என் கையிலேயே இருக்கும். இல்லாவிட்டால் திருப்பித் தந்துவிட வேண்டும். எனக்கும் பிள்ளைகளுக்கும் வேறு போக்கிடம் இல்லை.

செடி முழங்கால் உயரம் வந்தபோது கொழுந்து வெளுத்தது. ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கந்தகக் குறை என்றான். அது எனக்கும் தெரியும், அம்மோனியம் சல்பேட் கொடு என்றேன். அது தண்ணீரோடு போய்விடும், இதுதான் மண்ணில் நிற்கும் என்று மஞ்சள் நிற உருண்டைக் கந்தகத்தை என் தலையில் கட்டினான். கூடப் பிறந்தவனாயிற்றே என்று மறுபேச்சுப் பேசாமல் வயல் முழுக்க இறைத்தேன்.

பூ வந்தது, சோகை பிடித்த மாதிரி வெளிறிப்போய். காய்களில் பாதி பதர். மண்ணைக் கிளறினால் உருண்டைகள் உடைந்து மஞ்சள் தூளாக அப்படியே கிடந்தன. எனக்குத்தான் கைராசி இல்லை என்று அழுதேன். அண்ணன் வீடு தேடி வந்து ஆறுதல்கூடச் சொன்னான், பாவி.

பேசியபடி நிலத்தை ஒப்படைக்க, வயல் மோட்டார் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவன் எனக்கு முதுகைக் காட்டி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். முன்பின் தெரியாத ஒருவர், நிற்கிற பயிருக்கு உருண்டைக் கந்தகம் போடலாமா என்று கேட்டார்.

"வேணாங்க. அது மண்ணுல மாறிப் பயிருக்குச் சேர ஒரு பருவம் ஆயிடும். அடுத்து விதைக்கிறவங்களுக்குத்தான் பலன். நிக்கிற பயிருக்கு அம்மோனியம் சல்பேட் போடுங்க, உடனே பிடிச்சுக்கும்."

ஊர் பேர் தெரியாதவருக்குச் சொன்ன உண்மையை என்னிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"அடுத்து விதைக்கப் போறது யாருண்ணா?"

திரும்பினான். வந்தவரைப் பார்த்தான், மூட்டைகளைப் பார்த்தான், என்னை மட்டும் பார்க்கவில்லை. டீ சொல்லட்டுமா என்று கேட்டான்.

சாவியை மேசையில் வைத்தேன். டீ வருவதற்குள் அதைத் தன் சாவிக்கொத்தில் கோத்துவிட்டான்.