மணல்மேட்டின் அந்தப் பக்கம்

...காற்று நல்லதுதான், டாக்டர் சொன்ன காற்று இதுதானே, உப்பும் கருவாடும் கலந்து முகத்தில் அறைகிற இந்தக் காற்று இவளுடைய நெஞ்சுக்குள் போய் என்ன செய்துவிடும், உள்ளே இருப்பதை அடித்துக்கொண்டு போய்விடுமா, என்று நினைத்தபடியே ஆத்மநாதன் மணலில் கால் புதையப் புதைய ஏறிக்கொண்டிருந்தான். பின்னால் உண்ணாமலையின் மூச்சு கேட்டது. திரும்பினால் அவள் சிரிப்பாள், சிரித்தால் இருமல் வரும், அதனால் திரும்பவில்லை. மணமேல்குடிக்குப் பக்கத்தில் இந்தக் குப்பத்துக்கு வந்ததிலிருந்து ராத்திரியெல்லாம் கடல் சத்தம், கடலைத்தான் அவள் இன்னும் பார்க்கவில்லை, இடையில் இந்த மணல்மேடு. கறம்பக்குடியில் பிறந்தவள், ஏரியைவிடப் பெரிய தண்ணீர் கண்டதில்லை. மத்தியானம் கஞ்சி குடித்ததும் கேட்டாள், வெயில் தாழ்ந்ததும் ஏறிப் பார்த்துவிட்டு வரலாமா என்று. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது, வேறு எதைக் கேட்டாள் அவள்... பிள்ளையைக் கேட்டாள். பால் மறக்காத பிள்ளையை அவளுடைய அக்கா தூக்கிப் போய்விட்டாள், தூக்கிப் போகச் சொன்னவன் இவன்தான். தனித் தட்டு, தனிப் பாய், நீங்களும் கொஞ்சம் தள்ளியே இருங்க என்று டாக்டர் சொன்னாரே. முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், கடற்கரைப் பக்கம் கொஞ்ச நாள் இருங்க என்றார், கை கழுவப் போய்விட்டார். அவ்வளவுதானா வைத்தியம்?

அறந்தாங்கியில் அவனுக்கு வாடகை சைக்கிள் கடை. யுத்தம் வந்ததிலிருந்து டயர் கிடைப்பதில்லை, ஒட்டியதன்மேல் ஒட்டி எப்படியோ ஓட்டிவிடுகிறான். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை குமிழி விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும், கட்டைவிரலால் அடைத்துவிடலாம். இவளிடம் எங்கே விரல் வைப்பது? முதுகுக்குப் பின்னால் பனைகளுக்கு நடுவே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, இரண்டு பேர் நிழலும் முன்னால் நீண்டு அவர்களுக்கு முன்பே மேட்டின் உச்சிக்குப் போயிருந்தது. அவளுடைய நிழல் மட்டும் சட்டென்று குட்டையாயிற்று. திரும்பினான். அடம்பங்கொடிகளின்மேல் உட்கார்ந்துவிட்டாள். வாயைத் துடைத்த முந்தானையை அவன் பார்க்காதபடி உள்பக்கமாக மடித்துக்கொண்டாள்.

தூக்கிக்கொண்டு போய்விடலாம். என்ன பாரம் இருக்கப்போகிறாள், கலியாணமான புதிதில் வெள்ளாற்றுத் தண்ணீரில் அவளைத் தூக்கிக்கொண்டு கடந்தவன்தானே, அப்போது வண்டிக்காரன் சிரித்ததைக்கூடச் சட்டை செய்யவில்லையே. மீன்கூடையோடு இரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், அவர்கள் போகட்டும் என்று நின்றான். போய்விட்டார்கள். அப்போதும் நின்றான்.

"நீங்க போயிப் பாத்துட்டு வாங்க," என்றாள் உண்ணாமலை. "எப்படி இருக்குன்னு சொன்னாப் போதும்."

"நாளைக்குச் சேந்தே வருவோம்."

"நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாக்கலாங்க. இன்னைக்கு நீங்க போங்க."

உச்சியில் காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. கரையோரம் சாம்பல், தூரத்தில் கறுப்பு, நடுவில் ஒரே ஒரு தோணிப்பாய் மட்டும் கடைசி வெயிலில் செம்மண் நிறமாக. வாயைத் திறந்து மூச்சை இழுத்தான், இழுக்க இழுக்கப் போய்க்கொண்டே இருந்தது, எத்தனை காலமாயிற்று இப்படி இழுத்து, வீட்டில் அரை மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தானா, குனிந்து கஞ்சி கொடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறானே, அது அவளுக்குத் தெரிந்திருக்குமா, தெரிந்துதான் கிண்ணத்தைத் தானே வாங்கிக்கொள்கிறாளா... சே, என்ன நினைப்பு இது. இன்னொரு மூச்சு இழுத்தான். இன்னும் ஒன்று.

"இந்தாங்க, என்ன தெரியுது?" கீழேயிருந்து அவள் குரல்.

"தண்ணிதான். கண்ணுக்கெட்டுற வரைக்கும் தண்ணி. ஒரு தோணி போகுது."

"அலைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க."

நாலு எட்டு இறங்கினால் போதும், பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்லிவிடலாம். சூரியன் போய்விட்டது, அவள் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கத்தான் நினைத்தான். இரண்டு கையையும் வாயருகே குவித்து இன்னும் உரக்கச் சொல்லத் தொடங்கினான், தோணியை, அலையை, நுரையை, ஒன்று விடாமல், சொல்லிக்கொண்டிருக்கும்போதே உறைத்தது, தான் இறங்காமல்தான் நிற்கிறோம் என்று, அதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்று... அவள் தலையை ஆட்டினாள், எல்லாம் கேட்டுவிட்ட மாதிரி.