மகன் கையால் தண்ணீர்

குளிர்பெட்டியின் கண்ணாடியில் பனி படிந்து அப்பாவின் முகம் மறைந்துகொண்டே இருந்தது. முருகவேல் ஒரு பனியன் துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உசிலம்பட்டியிலிருந்து வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவள் அத்தை, அப்பாவின் தங்கை. நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடிவந்து பெட்டியைக் கட்டிக்கொண்டாள். அழுது ஓய்ந்ததும், முந்தின நாள் போனில் கேட்டதையே எல்லோர் முன்னிலையிலும் மறுபடி கேட்டாள்.

"மருமகனே, எங்கண்ணன் கடைசியா உன் கையாலதான தண்ணி குடிச்சாரு?"

"ஆமா அத்த."

"அது போதும்ய்யா. எத்தன பேருக்குக் கெடைக்கும் அந்தக் குடுப்பினை?"

வேனில் வந்த கிழவர்கள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு நாற்காலிகளைத் தேடிப் போனார்கள். அவன் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

பொய் சொல்ல வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. நேற்று போனில் அத்தை கதறிய கதறலில், தண்ணீர் கொடுத்தாயா என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை ராத்திரியோடு ராத்திரியாக உசிலம்பட்டி முழுக்கச் சுற்றி, இப்போது வேன் பிடித்து அவனிடமே வந்து சேர்ந்திருந்தது.

நடந்தது வேறு. ஜனவரியில் முருகவேல் ஒரு சபதம் எடுத்திருந்தான்: மாதம் ஒரு பாட்டு, வருடத்துக்குப் பன்னிரண்டு. எழுதுவதும் அவனே, மெட்டும் அவனே, பாடுவதும் அவனே. பனியன் கம்பெனியில் அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவனுக்கு இது எதற்கு? ஆசை வந்துவிட்டது. பழைய கீபோர்டு ஒன்றும் மைக் ஒன்றும் வாங்கினான். இடையில் குறும்படம் எடுக்கிறேன் என்று கிளம்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தான். பிளைவுட்டில் கிடார் செய்கிறேன் என்று அறுத்துப் போட்டது இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. இணையத்தில் ஒரு சேனல் தொடங்கி ஒவ்வொன்றாகப் போட்டுவந்தான்.

பக்கத்து நிட்டிங் கம்பெனியின் மிஷின் சத்தம் பாட்டில் விழுகிறது என்று அவன் புலம்பியபோது வழி கண்டுபிடித்தவர் அப்பாதான். மூக்கையா முப்பது வருடம் ஓவர்லாக் டெய்லராக இருந்து, பஞ்சுத் தூசியை இழுத்து இழுத்து நெஞ்சு கெட்டு வீட்டில் உட்கார்ந்தவர். மூட்டை மூட்டையாக வேஸ்ட் துணி வாங்கிவந்து, மெத்தை மாதிரி தைத்து, உள்ளறைச் சுவர்களிலும் கதவிலும் தொங்கவிட்டார். அப்புறம் வெளிச்சத்தம் உள்ளே வரவில்லை, அவருடைய இருமலைத் தவிர. "கொஞ்ச நேரம் இருமாம இருக்க முடியாதாப்பா?" என்று மகன் கேட்டதிலிருந்து, அறைக்கதவு சாத்தினாலே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "உள்ள ரெக்கார்டிங் ஓடுது" என்பார். வீட்டில் பூஜை நடக்கிறது என்று சொல்கிற குரலில் சொல்வார்.

நேற்று ஞாயிறு. அம்மா ஒச்சாயி பனியனில் பிசிர் நூல் வெட்டும் வேலைக்கு அரை ஷிப்ட் போயிருந்தாள். டிசம்பர் முடிவதற்குள் பன்னிரண்டாவது பாட்டை முடித்துவிட வேண்டும் என்று முருகவேல் உள்ளே தாழ் போட்டுக்கொண்டான். இரண்டு தடவை பாடிக் கெட்டுப்போய், மூன்றாவது தடவை சரணம் அழகாகக் கூடி வரும்போது கதவு தட்டப்பட்டது. காதில் ஹெட்போன் இருந்ததால் கேட்கவில்லை என்று யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மைக் அதைப் பிடித்து நேரே காதுக்குள் போட்டது. மெதுவாக மூன்று தட்டு. கொஞ்சம் விட்டு "முருகா" என்று ஒரு குரல். இந்த மனுசனுக்கு நேரங்காலமே தெரியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பாடி முடித்தான். முடித்ததும் எழுந்தானா என்றால் அதுவும் இல்லை. பாட்டை ஒருமுறை முழுதாகப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தான்.

அப்பா கதவோரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் காலி டம்ளர்.

மதியத்துக்குமேல் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அவனோடு வேலை செய்யும் ராஜ்கமல் மாலையைப் போட்டுவிட்டு அவனை ஓரமாக அழைத்துப்போனான்.

"அண்ணே, மைக் செட்டுல உங்க பாட்டு ஒண்ணு போடச் சொல்லவா? அப்பாவுக்கு ரொம்ப இஷ்டம்ணே. டீக்கடையில ஒக்காந்துக்கிட்டு எங்க போனெல்லாம் புடுங்கி, அவரே உங்க சேனலுக்கு சப்ஸ்கிரைப் அமுக்கி விடுவாரு. எம்பொண்டாட்டி போனைக்கூட விடல."

அவன் சேனலைப் பின்தொடர்கிறவர்களில் பாதிப் பேர் யார் என்று இத்தனை நாளாக அவனுக்குப் புரிந்ததில்லை. ஊர் பேர் தெரியாத ரசிகர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். வருடக் கடைசியில் போடுவதற்காக எழுதி வைத்திருந்த பதிவில் அவர்களுக்குத்தான் நன்றி சொல்லியிருந்தான். அதில் அப்பா பெயரே கிடையாது. கூசிப்போனான்.

"வேண்டாம் ராஜ்கமல். எதுவும் போட வேண்டாம்."

"சரிங்கண்ணே. மனசு தாங்காதுல்ல."

அடுத்து நீர்மாலை என்றார்கள். ஊரில் என்றால் மகன் கிணற்றுக்கோ கண்மாய்க்கோ போய் நீர் எடுத்து, வேட்டிப் பந்தலுக்குக் கீழே சுமந்து வந்து குளிப்பாட்டுவான். இங்கே எங்கே போவது? வீட்டுக்காரர் கிட்டுசாமி சங்கடத்தோடு முன்னால் வந்தார்.

"ஏனுங்க, கொழாயில தண்ணி வர இன்னும் நாலு நாளாகுமுங்க. போர்த் தண்ணி வேணுங்கற அளவுக்கு இருக்குதுங்க, ஆனா உப்புங்க."

"உப்புத் தண்ணியிலயா எங்கண்ணனைக் குளிப்பாட்டுறது?" என்றாள் அத்தை. "மகன் கையால கடைசியாக் குடிச்ச தண்ணி கேன்ல மிச்சம் இருக்கும்ல. அதையே குடத்துல ஊத்தி எடுத்துட்டு வாய்யா. அதைவிட நல்ல தண்ணி எது இருக்கு?"

கிழவர்கள் அது சரிதான் என்றார்கள். முருகவேல் குடத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். அங்கே அம்மா தனியாக, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் என்று அவன் நினைத்திருந்தான்.

அவன் கேனைத் தூக்கிக் குடத்தில் சாய்த்தான். நீர் குபுகுபுவென்று இறங்கியது.

"நேத்துக் காலையிலயே பழைய கேன் தீந்துபோச்சு" என்றாள் அம்மா, குடத்தைப் பார்த்தபடி. "இதை வாசல்ல எறக்கிட்டுப் போயிருந்தாங்க. அவரால தூக்க முடியாதுல்ல. அவன் வெளிய வந்ததும் தூக்கி வைக்கச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போனேன்."

அவன் கை நின்றது.

"நான் வந்து பாக்கையிலயும் வாசல்லதான் இருந்துச்சு. மூடிகூடப் பிரிக்கல."

அவன் மூடியைப் பார்த்தான். அது அடுப்பு மேடையில் தனியாகக் கிடந்தது.

"நான்தான் பிரிச்சு உள்ள கொண்டாந்தேன். ராத்திரியே ரெண்டு சொம்பு மோந்து கீழ ஊத்திட்டேன். ஒங்கத்தை வந்து பாப்பாள்ல." அவள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "ஊத்துய்யா. வெளிய எல்லாரும் காத்திருக்காக."

"அம்மா..."

"ஊத்து."

குடம் நிறைந்தது. தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். நான்கு பேர் அவன் தலைக்குமேல் வேட்டியைப் பிடித்து வந்தார்கள். பங்காளி ஒருவர் சங்கு ஊதினார். வாசலுக்கு வந்தபோது அத்தை அம்மாவிடம் கேட்பது அவன் காதில் விழுந்தது.

"கேன்ல நெறைய இருந்துச்சா மதினி?"

"இருந்துச்சு தாயி. அவரு கொஞ்சந்தான் குடிச்சாரு."

அப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்து பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். முருகவேல் முதல் சொம்பை மோந்து தலையில் ஊற்றினான். தண்ணீர் நெற்றியில் இறங்கி, மூடிய உதட்டின் மேல் வந்து, உள்ளே போகாமல் இரண்டு பக்கமும் வழிந்தது.

"இன்னொரு சொம்பு ஊத்துய்யா" என்றாள் அத்தை.

அவன் குனிந்து மோந்தான்.