கோடு தரையைத் தொடும் மாதம்

"நல்லா தெரியுதா?" என்று கேட்டார் அப்பா.

"உங்க கட்டைவிரல் நல்லா தெரியுதுப்பா," என்றாள் கடைக்குட்டி.

கைப்பேசித் திரையை அடைத்துக்கொண்டிருந்த விரல் விலகியது. பின்னால் அப்பாவின் டேப்லெட் தெரிந்தது. அதில் கட்டம் போட்ட தாள் மாதிரி ஒரு படம். நிறையச் சிவப்புப் புள்ளிகள், அவற்றின் நடுவே சறுக்குமரம் போல மேலிருந்து கீழே இறங்கும் ஒரு நீலக் கோடு.

"என்னன்னு சொல்லு பார்ப்போம்."

"ஊர்ல மழை குறையுதா?"

"மழை இல்ல, நீ! நீ வெளிநாடு போனதுலேர்ந்து எங்கூட பேசின பேச்சு. குறுக்க தேதி, நெடுக்க நிமிஷம்."

கடைக்குட்டி அப்போது வேலை செய்யும் பட்டறையின் பின்னறையில், அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை அரைத்துச் சட்டத்தில் பொருத்தும் பட்டறை அது. திரையின் ஓரத்திலிருந்து அக்கா வீட்டுக்காரர் தலையை நுழைத்தார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. எதைச் சொன்னாலும் கூட்டத்தில் பேசுவது போலத்தான் சொல்வார்.

"பாப்பா, டென்ஷன் ஆகாதே. நாங்க எதுவும் சொல்லல. டேட்டா சொல்லுது."

"என்ன சொல்லுது அத்தான்?"

"டிரெண்ட் லைன் வர்ற நவம்பர்ல தரையத் தொடுது. அதோட நீ வீட்டுக்குப் பேசறது பூஜ்யம்."

"அதுக்கப்புறமும் நிக்கலம்மா," என்றார் அப்பா. குரல் கம்மியிருந்தது. "தரைக்குக் கீழயும் போகுது. மைனஸ்ல."

"மைனஸ் நிமிஷம்னா என்னப்பா?"

அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தாடையைத் தடவினார். "ஏற்கெனவே பேசினதையும் திருப்பி வாங்கிக்குதுன்னு அர்த்தம் மாமா."

வினையை விலை கொடுக்காமல் வாங்கி அனுப்பியது கடைக்குட்டிதான். அப்பா பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதியே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்றதும் மாடிப்படியில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்த்து, "என்ன, இன்னிக்கு லேட்டு?" என்று அண்டை வீட்டாரை விசாரிக்க ஆரம்பித்தார். "அவரை எதுலயாவது மாட்டி விடுடி, மானம் போகுது," என்று அக்கா அழுதாள். அதனால்தான் இலவசமாகக் கிடைத்த, வரைபடம் போடும் ஒரு கால்குலேட்டர் செயலியைக் கடைக்குட்டி அனுப்பி வைத்தாள். ஒய் சமம் எக்ஸ் என்று அடித்தால் கோடு வரும். எக்ஸ் ஸ்கொயர் என்று அடித்தால் கிண்ணம் வரும். முன்னால் ஒரு மைனஸ் போட்டால் கிண்ணம் கவிழ்ந்துகொள்ளும்.

கிண்ணத்தைக் கவிழ்த்தும் நிமிர்த்தும் அப்பா சில நாள் குழந்தையாக இருந்தார். பிறகு அதே செயலியில் எண்களை வரிசையாகப் போட்டால் படம் வரும் என்று கண்டுபிடித்தார். அன்றோடு வீட்டின் நிம்மதி போயிற்று. எதிர்வீட்டு நாய் குரைப்பது பட்டைப் படம் ஆயிற்று. லிஃப்ட் பழுதாவது கோட்டுப் படம் ஆயிற்று. கடைசியில் குளியலறையை யார் எவ்வளவு நேரம் அடைத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வட்டப்படம். பாதிக்கு மேல் அத்தானின் பங்கு. அக்கா அதை அச்செடுத்துக் குளியலறைக் கதவிலேயே ஒட்டினாள்.

அத்தானுக்கு உயிரே போயிற்று. "வட்டமெல்லாம் நேத்து நடந்ததைத்தான் சொல்லும் மாமா," என்று மாமனாரை அணைத்து நாற்காலியில் உட்கார வைத்தார். "டிரெண்ட் லைன் போட்டா நாளைக்கு நடக்கப்போறதே தெரியும். உதாரணத்துக்கு நம்ம பாப்பாவோட போன் கால் இருக்கு பாருங்க..."

மறுநாள் குளியலறைக் கதவு வெறுமையாக இருந்தது. புள்ளிகளெல்லாம் கடைக்குட்டி தலையில் விடிந்தன.

கோடு சொன்னது பொய்யும் இல்லை. அப்பாவோடு பேசும் பேச்சு குறைந்துதான் போயிருந்தது. "சாப்பிட்டியா? குளிரா? வேலை எப்படி?" என்று வண்டி எண்ணைக் கேட்பது மாதிரி கேட்பார். அவளும் "சாப்பிட்டேன், குளிர்தான், நல்லாருக்கு" என்று வரிசை மாறாமல் சொல்வாள். வண்டி கிளம்பிவிடும்.

ஆனால் இன்னொரு வழி இருந்தது. அம்மா துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போவாள். போய், வாளியைக் கீழே வைத்துவிட்டு, கைப்பேசியில் குரல் செய்தி பேசி அனுப்புவாள். கடைக்குட்டி பட்டறைக்கு நடக்கும்போது கேட்டுக்கொண்டே போவாள். நடந்துகொண்டே பதில் பேசுவாள். அக்காவோடு போட்ட சண்டை, முழங்கால் வலி, கடைக்குட்டியின் அறைத்தோழி விடும் குறட்டை, இந்த ஊர் மொழியில் வாய் தவறிச் சொல்லி அசிங்கப்பட்டது, எதுவும் பாக்கியில்லை. அதில் ஒன்றுகூட அப்பாவின் கணக்கில் ஏறவில்லை. அவர் எண்ணியது தன் கைப்பேசிக்கு வந்த அழைப்பை மட்டும்தான்.

கோட்டுப் படம் வந்த அன்றே அவள் அம்மாவிடம் கேட்டாள். "அம்மா, நம்ம பேச்சையும் சொல்லிடட்டுமா? கோடு ஒரேயடியா நிமிர்ந்துடும்."

பதில் அவசரமாக வந்தது. பின்னணியில் ஈரத்துணி படபடத்தது. "ஐயையோ, வேண்டாம்டி! தெரிஞ்சா இதுக்கும் கோடு போட்டுடுவாரு. நான் எத்தனை தடவை பெருமூச்சு விட்டேன்னு எண்ணி, அடுத்த மாசம் எத்தனை விடுவேன்னு சொல்லுவாரு. எனக்குன்னு இருக்கறது இந்த மாடி ஒண்ணுதான் கண்ணு."

அவள் அந்த யோசனையைக் கைவிட்டாள். ஆனால் இன்னொரு சிக்கலும் இருந்தது. பட்டறையின் மேற்பார்வைக்காரி ஒரு காகிதம் கொடுத்திருந்தாள். இன்னும் இரண்டு வருஷம் வேலை; விருப்பமிருந்தால் மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். விருப்பம் இருந்தது. கண்ணாடி வாங்க வருபவர் புதுச் சட்டத்தை மாட்டிக்கொண்டு, சுவரில் எப்போதும் இருக்கும் அறிவிப்பை இன்றைக்குத்தான் எழுதியது மாதிரி படிப்பாரே, அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு அலுக்கவே இல்லை. அம்மாவுக்கு மட்டும் சொல்லியிருந்தாள். "பிடிச்சிருந்தா போடு. ஆனா அப்பாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா, உனக்கு யார் சொன்னதும்பாரு," என்றுவிட்டாள் அம்மா.

கோடு தரையைப் பார்த்துப் பாய்கிற நேரத்தில் இன்னும் இரண்டு வருஷம் என்றால் அப்பா உடைந்துபோவார். முதலில் கோட்டைச் சரிசெய்வோம், விஷயத்தைப் பிறகு சொல்வோம் என்று அவள் முடிவு கட்டினாள்.

தினமும் அப்பாவைக் கூப்பிட்டாள். சாப்பாடு, குளிர், வேலை மூன்றும் முதல் மூச்சிலேயே தீர்ந்தன. பிறகு, குப்பையை எந்த வாளியில் போடுவது என்று குடியிருப்பில் ஒட்டியிருந்த அறிவிப்பை வாசித்தாள். அப்பா ரொம்ப மரியாதையாகக் கேட்டார். துணி துவைக்கும் இயந்திரத்தின் விதிமுறைகளை வாசித்தாள். அதுவும் தீர்ந்தபோது இருவரும் சும்மா இருந்தார்கள். அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"வெச்சிடட்டுமாப்பா?"

"ஏன், இருக்கட்டுமே. நிமிஷம் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

கோடு சரியாயிற்று. சரியாகி, அதற்கு மேலும் போயிற்று.

மாதக் கடைசியில், மதிய இடைவேளையில் மறுபடி வீடியோ அழைப்பு. இந்த முறை கட்டைவிரல் இல்லை. அத்தான் படத்தைத் தொலைக்காட்சியிலேயே ஏற்றியிருந்தார். கையில் துணி உலர்த்தும் கம்பி ஒன்று, சுட்டிக் காட்டுவதற்கு.

"நேர்கோடு இப்ப ஒத்து வரல மாமா. எக்ஸ் ஸ்கொயர் போட்டேன். கச்சிதமா உக்காந்துடுச்சு." திரையில் புள்ளிகளை ஏந்திக்கொண்டு ஒரு பெரிய கிண்ணம். அதன் வலது விளிம்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போனது. "இதே வேகத்துல போனா அடுத்த வருஷம் பாப்பா ஒரு நாளைக்கு முப்பது மணி நேரம் பேசும்."

நேரக் காப்பாளருக்குப் பொறுக்கவில்லை. "ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரந்தானே மாப்பிள்ளை?"

"பாயிண்டே அதுதான் மாமா! போன்ல அவ்வளவு பேச முடியாது. பக்கத்துல இருந்தாத்தான் முடியும். ஆக, பாப்பா வீட்டுக்கே வந்துடுது."

"நான் அவ ரூமைக்கூட காலி பண்ணிட்டேன்!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் அக்கா. "இவரோட எக்சர்சைஸ் சைக்கிளை வெளிய தள்ளியாச்சு!"

அத்தானின் கம்பி தாழ்ந்தது. கிண்ணத்தில் அந்தச் சைக்கிளை அவர் எதிர்பார்க்கவில்லை.

"இருங்க அத்தான்," என்றாள் கடைக்குட்டி. "கோடு கீழ போனா நான் உங்கள மறந்துட்டேன், அதனால வரணும். மேல போனா ஏக்கம், அதனாலயும் வரணும். நேரா போனா?"

"நேரா போனா மனசு மரத்துப்போச்சுன்னு அர்த்தம்மா. அது இன்னும் மோசம். உடனே வரணும்."

அப்போது அம்மா அவர்களுக்குப் பின்னால் வாளியோடு கடந்து போனாள். மாடிக்குத்தான். போகிற போக்கில் ஒரு பார்வை. கடைக்குட்டிக்கு நாக்கு நுனிவரை வந்தது. 'நான் தினமும் வீட்டோடதான் பேசறேன், உங்க படத்துலதான் அது இல்ல' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கிண்ணம், சறுக்குமரம் எல்லாம் கவிழ்ந்துவிடும். ஆனால் அம்மாவின் மொட்டைமாடியிலும் கட்டம் போட்டுவிடுவார்கள்.

அவள் அந்த வாக்கியத்தை விழுங்கினாள். வேறொன்றைச் சொன்னாள்.

"அப்பா, நான் வரல. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கப்போறேன். காகிதம் குடுத்திருக்காங்க. இன்னிக்குக் கையெழுத்துப் போடப்போறேன்."

வீடு இரண்டுபட்டது. அக்கா அழுதாள், அத்தான் சைக்கிளைப் பற்றி ஏதோ சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்பா அவளிடம் முதல் தடவையாகக் கத்தினார்.

"யாரோ போட்டுக்கிற கண்ணாடிய அரைக்கவா உன்ன அனுப்பினேன்?"

"நான் என்ன செய்யறேன்னு ஒரு தடவை கேட்டிருக்கீங்களா? சாப்பிட்டியான்னு கேட்டுப் புள்ளி வெச்சீங்க!"

"சரி, இப்ப கேக்கறேன். சொல்லு! என்ன செய்யற?"

கோபத்திலேயே சொன்னாள். கண்மணிக்கு நேராக வில்லையின் நடு வரவேண்டும். அங்கே ஒரு புள்ளி வைப்பாள். அந்தப் புள்ளியைப் பிடித்துத்தான் அரைப்பார்கள்.

"தள்ளி வெச்சா?"

"தலைவலிக்கும். படிக்கட்டு பள்ளமாத் தெரியும்."

அப்பா தன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "எனக்கும் படிக்கட்டு பள்ளமாத்தான் தெரியுது. புதுக் கண்ணாடி வாங்கினதுலேர்ந்து."

"அதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே."

குப்பை அறிவிப்பை வாசித்தவளுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லைதான். பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. சண்டை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. மேற்பார்வைக்காரி எட்டிப் பார்த்தாள். கடைக்குட்டியின் ஈரக் கன்னத்தைக் கண்டதும் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். மின்விசிறியின் சத்தம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அழைப்பு முடிந்தபோது அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தை நாளை காலை தருவதாக மேற்பார்வைக்காரியிடம் சொல்லிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது அப்பாவின் செய்தி வந்திருந்தது. பணிமனை அறிவிப்புப் பலகையில் எழுதுவது போல எழுதியிருந்தார்: "நேற்றைய புள்ளி படத்துக்கு வெளியே போய்விட்டது. அச்சை மேலே நீட்டியிருக்கிறேன். இன்னும் இடம் இருக்கிறது. கையெழுத்துப் போடவும். என் கண்ணாடிக்கு என்ன அளவு அனுப்ப வேண்டும் என்று தெரிவிக்கவும்."

அடுத்து அம்மாவின் குரல்.

"ராத்திரி உங்க அத்தான் என்ன சொன்னாரு தெரியுமா? அந்தப் புள்ளி வளைவையே கெடுக்குது, எடுத்துடுங்க மாமா, எங்க ஆபீஸ்ல எடுத்துடுவோம்னாரு. அப்பாவுக்கு வந்துதே கோவம். 'எவ்வளவு லேட்டா வந்தாலும் வந்த பஸ்ஸை வரலைன்னு நான் எழுதினதில்ல மாப்பிள்ளை. எடுக்கணும்னா உங்க வளைவை எடுங்க'ன்னுட்டாரு. சைக்கிள் மட்டும் உள்ள வந்துடுச்சு."

ஒரு துணியை உதறும் சத்தம்.

"இன்னொண்ணு கேளு. இப்பப் புதுசா, வீட்டுல யார் யார் உங்கிட்ட எவ்வளவு பேசறாங்கன்னு பட்டைப் படம் போட்டிருக்காரு. அவரோடது பனைமர உசரம். அக்காவுது இடுப்பளவு. அத்தானுது முழங்கால். எனக்குப் பட்டையே இல்லடி! 'பெத்தவ நீ, ஒரு தடவை கூப்பிட்டிருப்பியா, கல்நெஞ்சுக்காரி'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு."

அப்புறம் அம்மா சிரிக்கும் சத்தம்.

"ஆமாங்கன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். சரி, அந்தக் குறட்டைக்காரி கதைய பாதியில விட்டியே, மிச்சத்தச் சொல்லு."