பன்னிரண்டாவது கார்டு

புது கேம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் இனியவனுக்குச் சிரிப்புத்தான் வரும். ஒரு கேம் கார்டைக் கடையில் புதிதாக வாங்க அவனுடைய எட்டு நாள் சம்பளம் போய்விடும். எட்டு நாள் பெட்டி தூக்கிச் சம்பாதித்ததைக் கொண்டுபோய்க் கட்டைவிரல் நகத்தளவு பிளாஸ்டிக்கில் எவனாவது போடுவானா? போடுவான், கிறுக்கன் போடுவான். இனியவனும் கிறுக்கன்தான், ஆனால் சிக்கனமான கிறுக்கன். எவனோ வாங்கி, ஆடி, அலுத்துப்போய், வாட்ஸ்அப் குரூப்பில் யாருக்காவது வேண்டுமா என்று கேட்கும்வரை காத்திருப்பான். ஸ்டிக்கர் கிழிந்ததா, டப்பா இல்லையா, கொண்டா இங்கே என்பான். ஸ்டிக்கரையா விளையாடப்போகிறோம்?

வாங்கும்போதும் லேசில் ஏமாற மாட்டான். விற்கிறவனைச் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி, படிக்கட்டிலேயே உட்கார்ந்து, கையோடு கொண்டுபோன கேம் மெஷினில் கார்டைச் சொருகி, கேம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் காசை எடுப்பான். ஒரே ஒரு முறை அவசரத்தில் பார்க்காமல் வாங்கிவிட்டான். வீட்டுக்கு வந்து போட்டால் கார்டு செத்துக் கிடந்தது. அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. மெர்சிதான், "எந்திரி. செத்துப்போன கார்டுக்கு மூணா நாளு பாலா ஊத்தப் போற? வந்து துன்னு" என்று இழுத்து உட்கார வைத்தாள்.

மெர்சி அவன் பெண்டாட்டி. பென்னலூர்ப் பெண்; இவன் பிள்ளைப்பாக்கம். ஒரகடத்தில் ஒரே போன் கம்பெனியில் இருவருக்கும் வேலை. இவன் கான்ட்ராக்டில் லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறவன், அவள் லைனில் உட்கார்ந்து போனுக்குத் திரை ஒட்டுகிறவள். கேன்டீன் வரிசையில் ஆரம்பித்து ரிஜிஸ்டர் ஆபீஸில் முடிந்த கல்யாணம். சர்ச்சுக்கு வராதவன் வேண்டாம் என்றார்கள் அவள் வீட்டில். கோயிலுக்கு வராதவள் வேண்டாம் என்றார்கள் இவன் வீட்டில். மூன்று வருடமாக இரண்டு பக்கமும் கதவு சாத்தியபடிதான் இருக்கிறது. இவனுக்கு அவள், அவளுக்கு இவன், வேறு சொந்தபந்தம் கிடையாது.

கல்யாணத்துக்கு லைன் பெண்கள் சேர்ந்து ஓர் அஞ்சறைப் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கடுகு, சீரகம் எல்லாம் பாக்கெட்டிலேயே கிடக்க, கேம் கார்டுகள் அதில் குடியேறின. கடுகுக் கிண்ணத்தில் கார் ரேஸ். மிளகுக் கிண்ணத்தில் சண்டை. வெந்தயக் கிண்ணத்தில் மெர்சிக்குப் பிடித்த புதிர் கேம்கள். மூன்று வருடத்தில் பதினோரு கார்டு சேர்ந்திருந்தது. ஒன்றை முழுசாக ஆடி முடிக்காமல் அடுத்ததை வாங்கக்கூடாது என்பது மெர்சி போட்ட சட்டம். பிடிக்காததைக் குரூப்பிலேயே மாற்றிக்கொள்வார்கள். ஆகவே அந்தப் பதினொன்றும் இருவரும் ஆசைப்பட்டு வைத்துக்கொண்டவை.

ஆனால் பாருங்கள், அதில் ஒன்றைக்கூட இருவரும் ஒன்றாக உட்கார்ந்து ஆடியதில்லை. இவனுக்குக் காலை ஷிஃப்ட் என்றால் அவளுக்கு மதியம். அவளுக்குக் காலை என்று மாறினால் இவனை மதியத்துக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவருக்கு ஓவர்டைம் வந்துவிடும். இவன் விட்ட இடத்திலிருந்து அவள் ஆடுவாள், அவள் விட்ட இடத்திலிருந்து இவன். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் 'பாலத்துக்கு அடியில நிக்கிறவன நம்பாத, திருடன்' என்று எழுதி மெஷினுக்குக் கீழே வைத்துவிட்டுப் போவாள். இவன் அதைப் படித்துவிட்டு, வேண்டுமென்றே அந்தத் திருடனை நம்பிப் போய், இருந்த காசையெல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். மறுநாள் இன்னொரு தாள் இருக்கும், அதில் முழுக்கத் திட்டு.

இதற்கெல்லாம் ஒரு முடிவு வரப்போகிறது என்றுதான் இருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மெர்சி வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் முடிந்து, பெர்மனென்ட் லிஸ்ட்டில் பேர் வந்திருந்தது. ஒன்றாம் தேதி ஆர்டர். பெர்மனென்ட் ஆனவர்கள் ஷிஃப்ட்டைக் கேட்டு வாங்கலாம். "சம்பளம் ஏறுது, அது இருக்கட்டும். மொத வேலையா உன் ஷிஃப்ட்ட கேட்டு வாங்கிக்கப் போறேன். ஒரே பஸ்ல போயிட்டு ஒரே பஸ்ல வர்றோம், இன்னா?" என்றாள். லிஸ்ட் வந்த நாளிலிருந்து இதை எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

ஒரு வருடமாக அவள் தேடிக்கொண்டிருந்த கேம் ஒன்று உண்டு. இரண்டு பேர் சேர்ந்து ஒரு படகை ஆற்றில் ஓட்டிக்கொண்டு போகிற கேம். ஒருவர் துடுப்புப் போட, இன்னொருவர் பாறை பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய கார்டாக எங்குமே சிக்கவில்லை. அவள் பிறந்தநாளுக்கு முந்தின நாள், தாம்பரத்துப் பையன் ஒருவன் குரூப்பில் அதைப் போட்டான். இனியவன் காலை ஷிஃப்ட் முடிந்த கையோடு ஷேர் ஆட்டோ பிடித்துச் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஓடினான். படிக்கட்டில் சொருகிப் பார்த்தான். படகு மிதந்தது. ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை.

வாங்கியவன் பேசாமல் அஞ்சறைப் பெட்டியில் போட்டிருக்கலாம். தலையணைக்கு அடியில் வைத்திருக்கலாம். ஊரில் வேறு இடமா இல்லை? பிறந்தநாள் அன்றும் அவளுக்கு மதிய ஷிஃப்ட். இவன் காலையில் ஐந்தரை பஸ்ஸுக்குப் போகும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், இவன் திரும்பி வரும்போது அவள் லைனில் இருப்பாள். பிரேக்கில் தயிர்சாதத்தைப் பிரிக்கும்போது கையில் தட்டுப்பட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தான். யோசித்த மாத்திரத்தில் அவனுக்கே சிரிப்புப் பொங்கிவிட்டது. கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் அவள் தினம் கொண்டுபோகிற சாப்பாட்டுப் பையின் சின்ன ஜிப்புக்குள் கார்டை வைத்துவிட்டுக் கிளம்பினான்.

கம்பெனிக்குள் மெமரி கார்டு, பென் டிரைவ் கொண்டுபோகக்கூடாது என்பது இவனுக்குத் தெரியாதா? கேட்டில் இத்தனை பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். தெரியும். ஆனால் அவனைப் பொறுத்தவரை அது மெமரி கார்டு இல்லை, கேம். தவிர, அவன் போகிற வழி லாரி கேட். அங்கே செக்யூரிட்டி டிபன் பாக்ஸைத் திறந்து, "இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார். லைன் பெண்கள் போகிற கேட்டில், புது மாடல் வந்த நாளிலிருந்து, ரகசியம் வெளியே போய்விடக்கூடாதென்று பையை ஸ்கேன் மெஷினில் விட்டுப் பார்க்கிறார்கள். மெர்சி இதைச் சொல்லாமலும் இல்லை. பத்து நாள் முன்பு, "எங்க கேட்டுல சோத்து மூட்டையகூட ஸ்கேன் பண்றானுங்க, இனியா" என்று சொன்னாள். இவன் கார் ரேஸில் கடைசி ரவுண்டில் இருந்தான். 'ம்' என்றான். அந்த 'ம்'முக்கு என்ன விலை என்று பிறகுதான் தெரிந்தது.

மதியம் ஒன்றரைக்கு, லாரிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவனைத் தேடி சூப்பர்வைசர் பரசுராமன் ஓடிவந்தார். இவனுடைய கான்ட்ராக்டரின் ஆள், ஐம்பது வயதுக்காரர், கெட்டவர் இல்லை.

"டேய், உன் பொண்டாட்டி கேட்டுல மாட்டிக்கினா. பையில இன்னாவோ கார்டு இருந்துச்சாம். உன்னையும் கூப்புடறாங்க."

இனியவன் தூக்கிய பெட்டியைக் கீழே வைத்தான். "அண்ணே, அது நான்தான்..." என்று வாயெடுத்தான்.

"வாய மூடு!" பரசுராமன் அவன் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார். "அந்தப் பொண்ணு ஏற்கெனவே என்னுதுன்னு ஒத்துக்கிச்சு. இப்ப நீயும் போய் என்னுதுன்னு சொன்னா, புருஷனும் பொண்டாட்டியும் சேந்து பிளான் பண்ணி எடுத்துனு வந்தீங்கன்னு ரெண்டு பேரு ஐடி அட்டையையும் முடக்கி வெளிய அனுப்பிருவாங்க. வாடகை யாரு குடுப்பா? ஒருத்தராவது உள்ள இருங்கடா."

செக்யூரிட்டி அறையில் மெர்சி நின்றுகொண்டிருந்தாள். பிறந்தநாள் என்று மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள், அதன்மேல் கம்பெனி கோட்டு. மேஜைமேல் அந்தக் கார்டு கிடந்தது. ஸ்டிக்கரில் படகு. அதை அவள் அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறாள். யார் வைத்தது, எதற்கு வைத்தது, எல்லாம் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இனியவன் உள்ளே நுழைந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அட கடவுளே, அந்த நிலைமையிலும் அவள் கண்ணில் துளி சந்தோஷம் இருந்தது.

செக்யூரிட்டி ஆபீசர் நரசிம்மன் பேப்பரில் எழுதிக்கொண்டே கேட்டார். "திரும்ப ஒருக்கா சொல்லும்மா. யாரு குடுத்தாங்க இத?"

"யாரும் குடுக்கல சார். என்னுதுதான். வூட்ல கெடந்தது, பையோட வந்துருக்கும். கவனிக்கல."

"இதுல இன்னா கீது?"

"கேம் சார். வெளையாடறது."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க." நரசிம்மன் பேனாவை வைத்துவிட்டு இனியவன் பக்கம் திரும்பினார். "நீ இவ வூட்டுக்காரன்தானே? உனக்கு இந்தக் கார்டப் பத்தி..."

"தெரியாது சார்."

மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள். நரசிம்மன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தார். உள்ளே பிடிபடுகிற எந்தக் கார்டையும் திருப்பித் தரக்கூடாது என்பது விதியாம். பஞ்சிங் மெஷினை எடுத்து, படகின் நடுவிலேயே ஓட்டை போட்டு, கவருக்குள் வைத்து ஒட்டி, அதன்மேல் மெர்சியிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு அவள் கழுத்து அட்டையைக் கழற்றச் சொன்னார். அவள் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, ரோட்டுப் பக்கம் நடந்தாள். இனியவனுக்கு ஷிஃப்ட் முடியப் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடமும் பெட்டி ஏற்றினான்.

பெர்மனென்ட் லிஸ்ட்டில் அவள் பேரை அடித்துவிட்டார்கள். வேறு கம்பெனிகளில் கேட்டால், பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் கொண்டுவா என்றார்கள். அதை யார் தருவார்கள்? கடைசியில், வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டல் ஒன்றில் சப்பாத்தி போடும் வேலை கிடைத்தது. பாதிச் சம்பளம். விடியற்காலையில் போய் மதியம் வந்துவிடலாம்.

பெரிய வேடிக்கை என்னவென்றால், இப்போது இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தார்கள். மூன்று வருடமாக ஏங்கியது கிடைத்தேவிட்டது. மதியம் மூன்று மணிக்கு இவன் வந்தால் அவள் இருப்பாள். சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், உள்ளங்கையில் சப்பாத்திக்கல் சுட்ட இடத்துக்கு மருந்து போட்டுக்கொள்வாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். திட்டமாட்டாள். மெஷினைத் தொடமாட்டாள். ஒருநாள் இவன், வேண்டுமென்றே, பதினோரு கார்டையும் மெஷினோடு விற்றுவிட்டு வந்து காசை அவள் கையில் கொடுத்தான். கத்துவாள், பாத்திரத்தை எறிவாள், அப்படியாவது பேசிவிடுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் வாங்கி எண்ணிக்கூடப் பார்க்காமல் அரிசி டின்னுக்குள் வைத்தாள். அடுத்த ஞாயிறு, பாக்கெட்டில் கிடந்த கடுகையும் சீரகத்தையும் அஞ்சறைப் பெட்டியில் கொட்டினாள்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. மனுஷன் எவ்வளவு நாள்தான் தாங்குவான்? ஒருநாள் ஷிஃப்ட் முடிந்ததும் இனியவன் நேராகச் செக்யூரிட்டி அறைக்குப் போய், நரசிம்மன் முன்னால் நின்று, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கார்டு என்னுடையது சார், நான்தான் வைத்தேன், அவளுக்குத் தெரியவே தெரியாது, என் அட்டையை எடுத்துக்கொண்டு அவளை உள்ளே விடுங்கள் என்றான். சொல்லும்போது அழுதுவிட்டான். நரசிம்மன் டீயைக் கீழே வைத்தார்.

"இத்த அன்னிக்கு சொல்லியிருந்தா வேற கதைப்பா. லைன் ஹெட்டே போன் பண்ணி, நல்ல பொண்ணு சார், பாத்து செய்ங்கன்னாரு. யாருதுன்னு தெரிஞ்சிருந்தா அந்தப் பொண்ண வுட்டுட்டு உன் மேல எழுதியிருப்பேன். இப்ப ஃபைல மூடி மேல அனுப்பியாச்சு. அவ எடத்துக்கு வேற ஆளும் வந்தாச்சு. போ, போய் இருக்கற வேலையாவது பாரு."

வீட்டுக்கு வந்தபோது மெர்சி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இனியவன் வாசலிலேயே நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். லைன் ஹெட் போன் செய்ததைக்கூட மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும், இனி அவள் அடித்தாலும் சரி, மன்னித்தாலும் சரி என்று காத்திருந்தான். அவள் ஒரு சட்டையின் கையை மடித்து, தடவி, அடுக்கின்மேல் வைத்தாள்.

"எதனா சொல்லு மெர்சி. திட்டு. நான் பண்ணது துரோகம்தானே? உன்ன மாட்டிவுட்டு, தெரியாதுன்னு வேற சொன்னனே. திட்டுடி."

"அதுக்கு எதுக்குத் திட்டறது?" என்றாள் மெர்சி. "அன்னிக்கு அந்த ரூம்ல நின்னுக்கினு நான் ஜெபமே அதுக்குத்தான் பண்ணேன். நீ தெரியாதுன்னு சொல்லிரணும், உன் வேலையாவது நிக்கணும்னு."

"அப்புறம் இன்னாத்துக்கு இப்படி கீற? ரெண்டு மாசமா என் மூஞ்சியக்கூட நீ சரியா பாக்கல."

அவள் இப்போது அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அவரு கேட்டு முடிக்கவே இல்ல இனியா. அதுக்குள்ள சொல்லிட்ட. ஒரு நிமிஷமாவது நீ தயங்குவன்னு நெனச்சேன்."